நன்யாங் பல்கலைக்கழகம் பக்கம் வீடு: ஜூரோங் வெஸ்ட்டா, தெபான் கார்டன்ஸா?

தஞ்சைத் தாதி:

வணக்கம். நானும் கணவரும் சிங்கப்பூர் நிரந்தரவாசிகள், இரண்டு பேருக்கும் நாலு வருஷம் ஆகிவிட்டது. அவருக்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வக வேலை. நான் ஜூரோங் ஈஸ்ட் பக்கம் ஒரு மருத்துவமனையில் தாதி. மகனுக்கு நாலு வயது. இப்போது பூன் லேயில் வாடகைக்கு இருக்கிறோம். கொடுக்கிற வாடகைக்கு வீடே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. நாலறை மறுவிற்பனை வீடு போதும், 550,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டினால் கையைக் கடிக்கும்.

மாலை ஷிஃப்ட் முடிந்து நான் வீடு வந்து சேர இரவு பத்தரை ஆகிவிடும். நைட் ஷிஃப்ட் வாரங்களில் பகலில்தான் தூக்கம். ஏஜெண்ட் ஜூரோங் வெஸ்ட் ஸ்திரீட் 91 பக்கம் பாருங்கள் என்கிறார். தோழி ஒருத்தி, தெபான் கார்டன்ஸ் விலை குறைவு, உன் வேலைக்கும் பக்கம் என்கிறாள். ஊரிலிருந்து அம்மா தினமும் ஒரே கேள்விதான்: “அக்கம்பக்கம் எப்படி?” இங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்களேன். ஓர் அறையை மாணவர்களுக்கு வாடகைக்கு விடலாமா என்றும் யோசனை.

ஜூரோங் அக்கா:

தங்கச்சி, நான் இந்தப் பக்கம் குடிவந்தபோது பயனியர் எம்ஆர்டி ரயில் நிலையமே கிடையாது. அது 2009ல்தான் திறந்தது. இரவு பத்தரைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துவர இங்கே பயப்பட ஒன்றுமில்லை. கோப்பிக்கடையில் நாலு அங்கிள் பீர் குடித்துக்கொண்டு சத்தமாகப் பேசுவார்கள், அவ்வளவுதான். சிங்கப்பூரில் நல்ல பேட்டை, கெட்ட பேட்டை என்று தேடுவதை விட்டுவிட்டு, வாங்கப்போகிற மாடியைப் பாருங்கள்.

லிஃப்டில் ஏறிப் போங்கள், திரும்பும்போது படியில் இறங்குங்கள். படிக்கட்டுச் சுவரில் வீட்டு எண்ணை எழுதிவைத்து, அதன்மேல் சுண்ணாம்பு அடித்து மறைத்த தடம் தெரிகிறதா? வரிசையில் ஒரே ஒரு வாசல் மட்டும் புதுப் பெயிண்டில் பளபளக்கிறதா? பழைய வீட்டுக்காரரோ அங்கே வாடகைக்கு இருந்தவரோ ஆ லோங்கிடம் (கடனை வசூலிக்கக் கதவில் பெயிண்ட் ஊற்றும் சட்டவிரோத வட்டிக்காரன்) கடன்பட்டிருந்தால், வீடு கைமாறிய கதையெல்லாம் அவனுக்குத் தேவையில்லை. பெயிண்ட் உங்கள் கதவில்தான் விழும். எதிர்வீட்டு ஆண்ட்டியிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள், ஏஜெண்ட் சொல்லாததெல்லாம் வந்துவிடும். அப்படியே குளியலறைக் கூரையையும் அண்ணாந்து பாருங்கள். மஞ்சள் வட்டம் இருந்தால் மேல்வீட்டுத் தரை கசிகிறது. அதைச் சரிசெய்ய மேல்வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டும், செலவையும் பகிர வேண்டும். மேலே இருப்பவர் முரண்டு பிடித்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

இன்னொன்று, உங்களுக்கென்றே சொல்கிறேன். தெங்கா விமானத் தளம் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. வார நாட்களில் போர் விமானம் மேலே போனால் டிவி சத்தமே கேட்காது. எங்களுக்குப் பழகிவிட்டது, ஆனால் நைட் ஷிஃப்ட் முடித்துப் படுக்கிறவருக்கு அது பெரிய விஷயம். எல்லாரும் சனிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள், “என்ன அமைதி!” என்று மயங்குகிறார்கள். நீங்கள் செவ்வாயோ புதனோ பகல் பதினொரு மணிக்குப் போய், படுக்கையறைச் சன்னலைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு 179 பஸ் பூன் லேயிலும் கிடைக்கும், பயனியரிலும் கிடைக்கும். காலையில் மாணவர் கூட்டம் நெருக்கும், பூன் லே இண்டர்சேஞ்சில் ஏறினால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஜூரோங் வட்டார ரயில்பாதை பல்கலைக்கழகத்துக்குள்ளேயே போகப்போகிறது, 2029 என்று திட்டம். ஏஜெண்டுகள் அதையும் சேர்த்துத்தான் இப்போதே விலை சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் நீங்கள் வாங்கப்போகிற புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) உங்களைச் சேர்த்துக்கொள்ளுமா என்பதுதான் முதல் கேள்வி. 1989லிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கு இன விகிதம் உண்டு, ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்ச வரம்பு. இந்தியர், மற்றவர் பிரிவுக்கு வட்டாரத்தில் 12%, புளோக்கில் 15%. அதற்கு மேல், மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனி வரம்பு: வட்டாரத்தில் 5%, புளோக்கில் 8%. நீங்கள் இரண்டு வரம்புக்குள்ளும் வர வேண்டும். வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும், மாதம் 1ஆம் தேதி புதுப்பிக்கிறார்கள்.

இந்தியர் பங்கு நிரம்பிய புளோக்கிலும் ஒரு வழி இருக்கிறது. விற்பவரும் இந்தியர் என்றால் விகிதம் மாறாது, வாங்கலாம். அங்கே சீனர் பங்கும் நிரம்பியிருந்தால் அவர் சீனரிடம் விற்க முடியாது என்பதால் விலையும் கொஞ்சம் இறங்கிவரலாம். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் இதே கதைதான், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

செலவு: இருவரும் நிரந்தரவாசி என்றால் வீவக கடனும் இல்லை, மானியமும் இல்லை. வங்கிக் கடன் அதிகபட்சம் 75%. 550,000க்கு முன்பணம் 137,500 வெள்ளி, அதில் 27,500 ரொக்கமாகவே வேண்டும், மிச்சத்துக்கு மசேநி (மத்திய சேம நிதி). முத்திரைத் தீர்வை 11,100. நிரந்தரவாசியின் முதல் வீட்டுக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை 5%, அது 27,500. வீட்டின் மதிப்பீடு பேசிய விலைக்குக் கீழே வந்தால் அந்த வித்தியாசமும் கைக்காசுதான். 550,000தான் எல்லை என்றால் 500,000 வீடுகளைப் பாருங்கள்.

அறை வாடகைக்கு விடலாம், அனுமதி வாங்க வேண்டும், குறைந்தது 6 மாத ஒப்பந்தம். முழு வீட்டையும் விட நிரந்தரவாசிகளுக்கு அனுமதியில்லை.

தெபான்காரன்:

எங்கள் பேட்டையை யாரும் குறை சொல்லவில்லை, நன்றி! பாண்டான் நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காலை நடை, காற்று, அமைதி, எல்லாம் உண்டு. ஆனால் எம்ஆர்டிக்கு பஸ் பிடித்தே ஆகவேண்டும். உங்கள் வீட்டுக்காரர் தினமும் பல்கலைக்கழகத்துக்குப் போவது அலுப்பு.

விலை குறைவுக்குக் காரணம் வயது. இங்கே பல புளோக்குகள் எழுபதுகளில் கட்டியவை. 1978ல் தொடங்கிய 99 வருஷக் குத்தகை 2077ல் முடிகிறது. வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை மிச்சம் இருந்தால்தான் மசேநிப் பணத்தை முழு அளவில் எடுக்கலாம். உங்களில் இளையவருக்கு 33 என்றால் 62 வருஷம் மிச்சம் வேண்டும். இங்கே நிறைய வீடுகளில் அது இல்லை. கைக்காசு குறைவாக இருப்பவர் ‘மலிவு’ என்று இங்கே வந்தால் கைக்காசைத்தான் அதிகம் கேட்கும்.

தஞ்சைத் தாதி:

எல்லாருக்கும் நன்றி. தெபானை விட்டுவிட்டோம். பூன் லே இண்டர்சேஞ்சுக்கு நடக்கிற தூரத்தில் இரண்டு புளோக் பார்த்து வைத்திருக்கிறோம், தொண்ணூறுகளில் கட்டியவை. புதன் காலை ஒன்றுக்குப் போனேன். அக்கா, விமானச் சத்தம் கேட்டது, ஆனால் சன்னலைச் சாத்தினால் தாங்கலாம். இப்போது சிக்கல் வேறு: இந்தியர் பங்கில் இடம் இருக்கிறது, நிரந்தரவாசி பங்கில் இல்லை. விற்பவர் குடிமகன்.

கணக்குப்பிள்ளை:

அப்படியென்றால் இந்த மாதம் முடியாது. 1ஆம் தேதி திரும்பப் பாருங்கள், யாராவது குடியுரிமை வாங்கினாலோ வீட்டை விற்றாலோ இடம் திறக்கும். அதற்குள் எச்எஃப்இ கடிதத்துக்கு (வீடு வாங்கத் தகுதி உண்டா என்று வீவக தரும் கடிதம்) விண்ணப்பித்துவிடுங்கள். அது கையில் இல்லாமல் விற்பவரிடம் ஆப்ஷன் (வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரம்) வாங்க முடியாது. வந்துவிட்டால் 9 மாதம் செல்லும். விற்பவரிடம் முன்பணம் எதுவும் கொடுத்து வைக்காதீர்கள்.

ஜூரோங் அக்கா:

இரண்டாவது புளோக்கையும் பார்த்துவிடுங்கள் தங்கச்சி. மகனுக்குப் பள்ளியிலேயே தமிழ் வகுப்பு உண்டா என்று பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள்.