நைனாவுக்கு உப்பு இறங்கிவிட்டது, இந்த வெயிலில் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார்கள்

காசிமேட்டுப் பையன்:
நைனாவுக்கு 66 வயது. மீன்பிடி துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. பிபிக்குப் போடுவது நீர் பிரிகிற மருந்தும் சேர்ந்த மாத்திரை. அம்மா வேறு பிபிக்குப் பயந்து குழம்பில் உப்பையே நிறுத்திவிட்டார். வெயிலுக்காக நைனா நாளைக்கு ஐந்தாறு லிட்டர் கேன் தண்ணீர் குடிப்பார். செவ்வாய்க்கிழமை ஏலம் முடிந்து வந்தவர் என்னைச் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் செருப்பைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைக்கப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது என்று இன்னும் இரண்டு சொம்பு தண்ணீர் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், 116. இப்போது ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாதாம், ட்ரிப்ஸும் சொட்டுச் சொட்டாகத்தான். உப்புதானே குறை, வேகமாக ஏற்றினால் என்ன? பக்கத்து வீட்டு அக்கா இளநீரோடு நிற்கிறார், கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டை சிஸ்டர் (ரிட்டயர்டு):
வேண்டாம் தம்பி. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கொஞ்சம். அவருக்கு அது மூன்றாவது சொம்புத் தண்ணீர்.
ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டும். அந்த மாத்திரை சிறுநீரில் உப்பைத் தள்ளும். மிஞ்சிய தண்ணீரையும் சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தம் நீர்த்துப்போனால் தண்ணீர் செல்களுக்குள் புகும். கால் வீங்கினால் இடமிருக்கிறது, மண்டை ஓட்டுக்குள் மூளை எங்கே வீங்கும்? செருப்பு ஃப்ரிட்ஜுக்குப் போனது அதனால்தான்.
ஓரிரண்டு நாளில் மூளை தன்னிடமுள்ள உப்புகளை வெளியே விட்டு வீக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ரத்தத்தில் மடமடவென்று சோடியத்தை ஏற்றினால் மூளைத்தண்டில் நரம்பின் மேலுறை சிதைந்துவிடும். பேச்சு, கைகால் எல்லாம் போகலாம். 24 மணி நேரத்தில் எட்டு, மிஞ்சினால் பத்துதான் ஏறவிடுவார்கள். பிபி மாத்திரையை டாக்டரிடம் காட்டினீர்களா?

கொருக்குப்பேட்டை ஆட்டோ:
இதுக்குப் போய் இவ்வளவா? ஓஆர்எஸ் கொடுங்க தம்பி. என் பொண்ணுக்குப் பேதியானபோது பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தோம், சரியாகிவிட்டது.

தண்டையார்பேட்டை சிஸ்டர் (ரிட்டயர்டு):
டம்ளரிலா! அண்ணே, பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கெட்டியாகக் கரைத்தால் பேதி கூடத்தான் செய்யும். அதில் சர்க்கரை ருசிக்காக இல்லை. குளுக்கோஸ்தான் சோடியத்தைக் கையைப் பிடித்துக் குடலுக்குள் கூட்டிப்போகிறது, பின்னாலேயே தண்ணீர் போகும். பேதியில் பைகார்பனேட்டும் வெளியேறி ரத்தத்தில் அமிலம் கூடும், குழந்தை மேல்மூச்சு வாங்கும். பாக்கெட்டில் இருக்கிற சிட்ரேட் உடம்புக்குள் பைகார்பனேட்டாக மாறி அதை ஈடுகட்டும். காலராவுக்கே இதைத்தான் கொடுப்போம்.
ஆனால் ஓஆர்எஸ்ஸில் லிட்டருக்குச் சோடியம் 75. தம்பியின் நைனா ரத்தத்தில் 116. எது தண்ணியாக இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை ஆட்டோ:
சரி சிஸ்டர், வாயை மூடிக்கொள்கிறேன்.

காசிமேட்டுப் பையன்:
மாத்திரையை மாற்றிவிட்டார்கள் சிஸ்டர். இன்று சனிக்கிழமை, 129. காலையில் என்னை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கஞ்சியில் உப்பில்லை என்று அம்மாவைத் திட்டினார்.