24 மணி நேர பிபி பதிவு: வேலூர் பக்கம் எங்கே செய்யலாம்?

அப்பாவுக்கு 56 வயது, குடியாத்தத்தில் கைலித் தறி வேலை. டாக்டரிடம் போனால் பிபி 128/80 என்றுதான் வருகிறது. வீட்டில் ராத்திரி படுக்கும் முன் பார்த்தால் 150/94. பொங்கலுக்குப் பிறகு இப்படித்தான். காலையில் எழும்போதே பின்தலை கனக்கிறது, குறட்டையும் அதிகம்.

முதலில் மெஷின் மேல்தான் சந்தேகம். ஓம்ரான், மேல்கையில் கட்டும் வகை. கிளினிக்குக்கே எடுத்துப்போய் அவர்கள் கருவியோடு ஒப்பிட்டேன், இரண்டும் ஒத்துப்போயின. ஊறுகாய், கருவாடு எல்லாம் நிறுத்தியாயிற்று. கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), தைராய்டு சரி.

ஆனால் இசிஜியில், மார்பில் ஒட்டும் முனைகளில் வி1-இன் எஸ் அலையும் வி5-இன் ஆர் அலையும் சேர்ந்து 38 மி.மீ. வந்திருக்கிறது. 35-ஐ எட்டினாலே இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். எக்கோவிலும் லேசான தடிப்பு. எனக்குப் பயமே இதில்தான். கிளினிக் ரீடிங்கை மட்டும் வைத்து நார்மல் என்று விட்டுவிட முடியாது. தூக்கத்தில் பிபி 10 சதவீதமாவது இறங்க வேண்டும். அப்பாவுக்கு இறங்குகிறதா என்பது கையில் பட்டை கட்டி 24 மணி நேரமும் பதிவு செய்தால்தான் தெரியும். மறைந்திருக்கும் ரத்த அழுத்தமாக இருக்கலாம் என்று டாக்டரும் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இங்கே விசாரித்த லேப்களில் ஹோல்டர்தான் இருக்கிறது, அது இதயத் துடிப்பைப் பதிவு செய்வது. அட்மிட் ஆகச் சொல்கிறார்கள் சிலர்; தறியை விட்டால் அப்பாவுக்குக் கூலி கிடையாது.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்த பிபி கருவியைக் கட்டி அன்றே வீட்டுக்கு அனுப்பும் இடம் எது?