தலையில் சொரியாசிஸ்: உங்களுக்கு எது கைகொடுத்தது?

இரண்டு வருஷம் பொடுகு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஷாம்புவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் தோளில் கொட்டுவது நிற்கவில்லை. கருப்புச் சட்டைகள் அலமாரியிலேயே கிடந்தன. கடைசியில் தோல் மருத்துவரிடம் போனால், அவர் தலையைத் தொடும் முன்பே கையை நீட்டச் சொன்னார். நகங்களில் ஊசியால் குத்தினாற்போல் குட்டிக் குட்டிக் குழிகள்! அப்புறம் காதுக்குப் பின்னாலும், முடி முடியும் கோட்டைத் தாண்டி நெற்றியிலும் இறங்கியிருந்த சிவப்புத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, "பொடுகு இல்லை, சொரியாசிஸ்" என்றார். தோல் செல்கள் அடியிலிருந்து மேலே வர வழக்கமாக ஒரு மாதம்போல ஆகும், இதில் சில நாட்களிலேயே வந்து குவிந்துவிடும் என்றார்.

குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு லோஷன் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் தடவியும் ஒன்றும் ஆகவில்லை. திரும்பப் போனபோது, "எப்படிப் போடுகிறீர்கள், போட்டுக் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். சிரித்துவிட்டார். மருந்தெல்லாம் முடிக்கும் செதிலுக்கும்தான் போயிருக்கிறது!

முதலில் சாலிசிலிக் அமிலக் களிம்பை இரவில் செதில்மேல் தடவி ஊறவிட்டு, காலையில் அலச வேண்டும். செதில் இளகிய பிறகு வகிடு எடுத்து, லோஷன் பாட்டிலின் முனை தலைத்தோலில் படும்படி ஒரு சொட்டு, விரல்நுனியால் லேசாகத் தேய்ப்பு, அரை அங்குலம் தள்ளி அடுத்த வகிடு. கால் மணி நேர வேலை. ஆனால் பத்தே நாளில் அரிப்பு அடங்கியது. செதிலைப் பிய்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஒருநாள் பிய்த்தேன், புள்ளி புள்ளியாக ரத்தம், அதே இடத்தில் முன்னைவிடத் தடித்த திட்டு.

சரியாகிவிட்டதே என்று நானாகவே லோஷனை நிறுத்தியது அடுத்த முட்டாள்தனம். இரண்டு வாரத்தில் மொத்தமாகத் திரும்பி வந்தது. இப்போது ஸ்டீராய்டை மருத்துவர் சொன்னபடி ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் என்று குறைத்து, நடுவில் கால்சிபோட்ரையால் என்ற வைட்டமின் டி வகை மருந்தைப் போடுகிறேன்.

*

மேலே எழுதியவர் சொன்ன வகிடு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கு லேசான பாதிப்புதான், நிலக்கரித் தார் கலந்த ஷாம்புவே போதுமாக இருக்கிறது. போட்டவுடன் அலசாமல் சில நிமிஷம் தலையிலேயே விட வேண்டும். வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், தலையணை உறையும் கறைபடும்.

முடி வெட்டப் போன இடத்தில் ஒருமுறை, கடைக்காரர் என் தலையைப் பார்த்ததும் சீப்பைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, இது ஒட்டாது, தொற்றுநோய் இல்லை" என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் யோசித்தார், வெட்டினார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தவுடன் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

*

எனக்குத் தலையோடு நிற்கவில்லை. காலையில் விரல் மூட்டுகள் மடங்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. வயதாகிறது என்று விட்டுவிட்டேன், அது தப்பு. சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும்; உங்களுக்கும் இப்படி இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எனக்கு இப்போது மெத்தோட்ரெக்சேட் என்ற, நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மாத்திரை, வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் அட்டையில் "ஞாயிறு மட்டும்" என்று பேனாவால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் உண்டு.

முடி கொட்டினால் திரும்ப வருமா என்று கேட்டவருக்கு: எனக்குத் திட்டு ஆறியபின் பெரும்பாலும் முளைத்துவிட்டது. உச்சியில் இன்னும் கொஞ்சம் பாக்கி.