நகர சாசனத்தைத் திருத்தப் போகிறார்கள், குழுவிடம் எதைக் கேட்பது?

கேள்வி:
நாங்கள் இருக்கும் அமெரிக்க நகரத்தில் சாசனத்தை, அதாவது நகர நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டத்தை, திருத்த ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம், பேச ஆளுக்கு இரண்டே நிமிடம். கவுன்சிலின் எல்லா இடங்களுக்கும் நகரம் முழுவதும் சேர்ந்து ஓட்டு போடுவதால் எங்கள் பக்கத்திலிருந்து யாரும் ஜெயிப்பதே இல்லை. வார்டு முறை வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதுமா?

பதில் 1:
கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தைப் பாருங்கள். அங்கே 1913 முதல் கமிஷன் முறை. மேயரும் நான்கு கமிஷனர்களும்தான் சட்டம் போடுவார்கள், அவர்களேதான் ஆளுக்குச் சில துறைகளையும் நடத்துவார்கள், எல்லோரும் நகரம் முழுக்க ஓட்டு வாங்கி வந்தவர்கள். 2022 நவம்பரில் மக்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். இப்போது நகரத்துக்குள் நான்கு மாவட்டங்கள், மாவட்டத்துக்கு மூன்று பேர், மொத்தம் 12 கவுன்சிலர்கள். வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படுத்தி வாக்களிப்பதால் மாவட்டத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆதரவு திரட்டினாலே ஒரு இடம் உறுதி. துறைகளைக் கவனிக்கத் தனியாக ஒரு நிர்வாகி.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 20 பேர் கொண்ட அந்தத் திருத்தக் குழுவில் 15 பேர் ஒத்துக்கொண்டால், கவுன்சிலைக் கேட்காமலே திருத்தத்தை நேராக மக்கள் வாக்குக்கு அனுப்பலாம் என்று பழைய சாசனத்திலேயே இருந்தது. அந்த வழி இல்லாமல், தன் நாற்காலியைக் கலைக்கும் திருத்தத்துக்கு எந்தக் கவுன்சில் சம்மதிக்கும்? உங்கள் குழுவுக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பதில் 2:
அதற்கும் முன்னால் மாநில அரசியலமைப்பைப் பாருங்கள். மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் நகரத்துக்கு உண்டு என்று 1868-இல் அயோவா நீதிபதி டில்லன் சொன்னது பல மாநிலங்களில் இன்றும் செல்லுபடியாகிறது. நகரம் தன் சாசனத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்று 1875-இல் முதலில் வழிவிட்டது மிசௌரி மாநிலம், மறு வருடமே செயின்ட் லூயிஸ் எழுதிக்கொண்டது. அந்த உரிமை இருக்கிற மாநிலத்திலும் வரி, வாடகை மாதிரி விஷயங்களில் மாநிலச் சட்டம் குறுக்கே நிற்கலாம். அப்படி இருந்தால் அங்கே உங்கள் இரண்டு நிமிடத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பதில் 3:
வார்டு என்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், எல்லை எப்படி வரைகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நியூயார்க்கில் பட்ஜெட்டில் பெரும் பங்கு வைத்திருந்த எஸ்டிமேட் போர்டில், நகரத்தின் பகுதிகளில் மக்கள்தொகை பெரிதான புரூக்லினுக்கும் சிறிதான ஸ்டேட்டன் தீவுக்கும் ஒரே எடையுள்ள ஓட்டு. 1989-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது, அதே வருடம் சாசனத்தைத் திருத்தி போர்டையே எடுத்துவிட்டார்கள். வார்டுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ சமமாக இல்லாவிட்டால் உங்களுக்கும் அதே சிக்கல்தான். அதனால் எல்லையைக் கவுன்சிலர்களே வரையக்கூடாது, தனிக் குழுதான் வரைய வேண்டும் என்று ஒரு வரி கேளுங்கள். அப்புறம் பணம். பட்ஜெட் வரைவை வாக்கெடுப்புக்கு எத்தனை நாள் முன்னால் வெளியிட வேண்டும் என்பது சாசனத்திலேயே இருக்கட்டும். சாதாரண விதியாக விட்டால் கவுன்சில் நினைத்த அன்றைக்கு மாற்றிவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி நண்பர்களே. இப்போதுதான் சாசனத்தை எடுத்துப் பார்த்தேன், எங்கள் குழு வெறும் பரிந்துரைதான் செய்ய முடியும், முடிவு கவுன்சில் கையில். ஆனால் மக்கள் கையெழுத்து திரட்டித் திருத்தத்தை வாக்குக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது.

பதில் 1:
அப்படியென்றால் எத்தனை கையெழுத்து, எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவில் தேடுங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்களின் தொடர்பு எண்களை அன்றே வாங்கி வையுங்கள்.