காலைக் குளிரில் மோட்டார் சைக்கிளை எவ்வளவு நேரம் சூடாக்குவது?

வணக்கம் அண்ணன்மாரே. மலேசியாவில் கீழே சுங்கை சிப்புட்டிலிருந்து கேமரன் மலையில் தானா ராத்தா பக்கம் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கீழே இருந்தவரை உதைத்ததும் கிளம்பிவிடுவேன். இங்கே விடியற்காலை 16 டிகிரி. என் பழைய கார்புரேட்டர் மோட்டார் சோக் போட்டால்தான் பிடிக்கிறது, எடுத்தால் அணைந்துவிடுகிறது. நேற்று முதல் மேட்டிலேயே இரண்டு தடவை நின்றுவிட்டது. பின்னால் காய்கறி லாரி வேறு!

பக்கத்து வீட்டு மாமா, "பத்து நிமிடம் ஓடவிடு தம்பி" என்கிறார். அத்தைக்கோ அந்தப் புகையே ஆகாது. எனக்கும் பத்து நிமிடம் அதிகம் என்றுதான் படுகிறது. சோக்கில் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். நெடுநேரம் அப்படியே விட்டால் பிளக்கில் கரி பிடிக்கும், சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயும் கழுவிப் போகும். ஒரு நிமிடம் விட்டு, முதல் இரண்டு கிலோமீட்டர் முறுக்காமல் போனால் போதாதா?

அப்புறம் இன்னொன்று. இது கீழே டியூன் செய்த மோட்டார். இங்கே 1,400 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை, அதாவது ஜெட், அதை மாற்ற வேண்டுமா, காற்றுத் திருகைச் சரிசெய்தால் போதுமா? எஞ்சின் எண்ணெய் 20டபிள்யூ-50 ஊற்றியிருக்கிறேன், குளிரில் அதைவிட இளகலான 10டபிள்யூ-40க்கு மாறலாமா? மலையில் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.