கோல்பில் எதிராளி என்று ஒருவன் உண்டா?

சிங்கிள்ட்ரீ
அமெரிக்க கோல்ப் வீரர் ஜெக் நிக்லஸ் வயதான பிறகு கொடுத்த பேட்டிகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மற்றவன் அடிக்கிற பந்து என் கையில் இல்லை, என் ஆட்டத்தை மட்டும்தான் நான் பார்க்க முடியும் என்பதுதான் அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் உன் விக்கெட்டைச் சாய்ப்பான், டெனிஸில் எதிரே நிற்பவன் உன்னை ஓடவிடுவான். கோல்பில் உன் பந்தை எவனும் தொடமாட்டான்.

என் அப்பா நுவரெலியா கோல்ப் கிரவுண்டில் பை தூக்கின கெடி. கொழும்பில் இருந்து வரும் ஆட்கள் முதல் நாள் படும் பாட்டைச் சொல்லிச் சிரிப்பார். 6,000 அடி உயரத்துக்கு மேலே காற்று மெல்லிசு, அதே அடிக்குப் பந்து கூடத் தூரம் போகும். குழி இருக்கிற கிரீனுக்குப் பின்னால் சைப்ரஸ் மரத்தடியில் பந்தைத் தேடுகிறவன் யாரோடு போட்டி போடுகிறான்? மலையோடுதான். எதிராளி என்பதெல்லாம் டீவிக்காரன் வேலை.

பதுளைக்காரன்
அண்ணே, அதே நிக்லஸை வைத்தே பதில் சொல்கிறேன். 1977, ஸ்கொட்லாந்தில் டர்ன்பெரி, பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி. கோல்பில் குறைந்த அடியில் முடிக்கிறவன்தான் ஜெயிப்பான். அவரும் டொம் வொட்சனும் முதல் மூன்று நாளும் அச்சடித்த மாதிரி ஒரே கணக்கு: 68, 70, 65. கடைசி நாள் இருவரும் ஒன்றாக ஆடினார்கள். வொட்சன் 65, நிக்லஸ் 66. ஒரே ஓர் அடியில் போச்சு. மூன்றாவதாக வந்தவர் வொட்சனை விட 11 தரம் கூட அடித்திருந்தார்!

அதே மைதானம், அதே காற்றுதானே மற்றவர்களுக்கும்? மைதானத்தோடு மட்டும் ஆடினார்கள் என்றால் இந்த இரண்டு பேர் மட்டும் ஏன் அவ்வளவு தூரம் போனார்கள்? ஒருத்தனை ஒருத்தன் இழுத்துக்கொண்டு போனான். கடைசிக் குழியில் நிக்லஸ் புதருக்குள் மாட்டி, அங்கிருந்து கிரீனுக்கு அடித்து, முப்பது அடி தூரத்துக்கு மேல் உருட்டிக் குழிக்குள் போட்டார். வொட்சனின் பந்து குழிக்குப் பக்கத்திலேயே கிடந்தது, அப்படியும் நிக்லஸ் போடுகிறார். பக்கத்தில் யாரும் இல்லை என்றால் அந்தப் பந்து உள்ளே போயிருக்குமா?

ஹட்டன்_ரயில்
துரைமார் ஆட்டத்துக்கு இவ்வளவு தத்துவமா? நம் ஆட்கள் பை தூக்கினார்கள், புல் வெட்டினார்கள், அவ்வளவுதான்.

பதுளைக்காரன்
அவ்வளவுதான் இல்லை தம்பி. தங்கராஜா, மித்துன் பெரேரா இரண்டு பேரும் நம் நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தான், இந்தியப் போட்டிச் சுற்றில் போய்ப் பட்டம் வென்றவர்கள். துரைமார் போய் எத்தனை காலம், ஆட்டம் இங்கேதான் இருக்கிறது.

சிங்கிள்ட்ரீ
டர்ன்பெரியைத்தான் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். மேஜர் என்கிற நான்கு பெரிய போட்டிகளில் நிக்லஸ் ஜெயித்தது 18, இரண்டாவதாக வந்தது 19. ஜெயித்தவன் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தால் அந்த மனிதன் அடுத்த வருடம் மட்டையைத் தொட்டிருப்பாரா?

கொழுந்துக்கூடை
எனக்கு கோல்ப் தெரியாது. கிரவுண்ட் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததுதான். ஆனால் பத்து வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்திருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

பக்கத்து நிரையில் ஒருத்தி இருந்தாள். என் செடியை அவள் தொடமாட்டாள், அவள் செடியை நான் தொடமாட்டேன். பேசவும் மாட்டோம், அது வேறு கதை. ஆனால் அவள் கிள்ளுகிற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும், படக் படக் என்று. சத்தம் கொஞ்சம் முன்னால் போனால் என் கை தானாக வேகமாகும். பனிக்கு விரல் மரத்துப் போயிருந்தாலும் சரி. அவள் வராத நாளில் நிறுவைக்குப் போனால் எனக்கு மூன்று நான்கு கிலோ குறையும். மலை அதே மலை, நானும் அதே நான். சிங்கிள்ட்ரீ அண்ணன் இதற்கு என்ன சொல்வார்?

சிங்கிள்ட்ரீ
அக்கா சொன்னது நல்ல கேள்வி. ஆனால் அவளை எதிராளி என்பீர்களா, துணை என்பீர்களா?

கோல்பில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உன் கணக்குக் கார்டை எழுதுகிறவனே கூட ஆடுகிறவன்தான். 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் ஆர்ஜென்டீனாவின் டி விசென்சோ 17ஆவது குழியை மூன்று அடியில் முடித்தார். கார்டை வைத்திருந்த டொமி ஆரன் தவறுதலாக நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டால் போட்டதுதான், கூடின கணக்கே நிற்கும். பொப் கோல்பியோடு சமநிலையில் இருக்க வேண்டியவர் ஓர் அடியில் தோற்றார். அன்றைக்கு அவருடைய 45ஆவது பிறந்தநாள் வேறு. குற்றத்தைத் தன்மேல்தான் போட்டுக்கொண்டார். உன் கார்டை நம்பிக் கொடுக்கிறவனை எதிராளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொழுந்துக்கூடை
அதுவாவது நல்ல முறை. எங்களுக்குத் தராசில் எழுதினவர் கணக்கப்பிள்ளை. ஈரத்துக்கு, கூடைக்கு என்று கழித்துக் கழித்து எழுதுவார். பக்கத்து நிரைக்காரி எழுதியிருந்தால் கூட எனக்கு நியாயம் கிடைத்திருக்கும் 😄

ஹட்டன்_ரயில்
அக்காவுக்கு என் ஓட்டு.

பதுளைக்காரன்
எதிராளி என்றால் விரோதி என்று அண்ணன் எடுத்துக்கொள்கிறார், சிக்கலே அதுதான். அமெரிக்க அணியும் பிரிட்டன் அணியும் மோதிய 1969 ரைடர் கிண்ணம், கடைசி ஆட்டம், கடைசிக் குழி. பிரிட்டன் அணியின் டொனி ஜெக்லினுக்குக் குழிக்குள் தள்ள ஒரு சின்னப் பந்து மிச்சம். தவறினால் அமெரிக்காவுக்கு வெற்றி. நிக்லஸ் அதை அடிக்கவே விடவில்லை, போட்டதாக வைத்துக்கொள் என்று விட்டுக்கொடுத்தார். 16–16, சமநிலை. அவருடைய அணியிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. எதிரே ஆள் இல்லை என்று நினைக்கிறவன் யாருக்கு விட்டுக்கொடுப்பான்? எதிரே நிற்பவனை நன்றாகப் பார்த்ததால்தான் அந்தப் பந்தை அடிக்கவிடவில்லை.

அது சரி, அப்பாவைக் கேட்டீர்களா? கெடிமார் தங்களுக்குள் ஆடியிருப்பார்கள்தானே.

சிங்கிள்ட்ரீ
இப்போதுதான் போன் எடுத்தேன். ஆடியிருக்கிறார். திங்கட்கிழமைகளில், உடைந்த இரும்பு மட்டை ஒன்றை மூன்று பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. கந்தப்பளைக்காரர் ஒருவரோடுதான் எப்போதும் இழுபறியாம். "அவன் ஒரு தரம் எழுபத்து நாலு அடிச்சான், பதினாறாவதுல மழை, மட்டையைத் துடைக்கத் துணி கூட இல்ல" என்று குழி குழியாகச் சொல்கிறார்.

அன்றைக்கு நீங்கள் எத்தனை என்று கேட்டேன். அது ஞாபகமில்லையாம்.

பதுளைக்காரன்
😂😂 சரி அண்ணே, நான் இனி ஒன்றும் சொல்லவில்லை.

சிங்கிள்ட்ரீ
அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. அவர் மறதியையெல்லாம் சாட்சிக்கு எடுக்க வேண்டாம்.