அரை மணி நேரம் நல்லா ஓடுது, அப்புறம் இழுவை போயிடுது, பழைய டீசல் இன்ஜின்

பழையபோட்டு:
20 வருசத்துக்கு மேல ஓடின மீன்பிடி போட்டு, உள்ள ஆறு சிலிண்டர் டீசல். கிளம்பும்போது 1800 ஆர்பிஎம் சும்மா நிக்குது, அரை மணி நேரம் லோட்ல ஓடினதும் ஏறி ஏறி இறங்கி 1200க்கு வந்துடுது, த்ராட்டில எவ்ளோ தள்ளினாலும் அதுக்கு மேல போகாது. ஆஃப் பண்ணி பத்து நிமிசம் விட்டா திரும்ப பழையபடி ஓடும், அப்புறம் அதே கதை. ஃபில்டர் ரெண்டு தடவ மாத்திட்டேன், ஹீட் நார்மல், கரும்புகையும் இல்ல. மெக்கானிக், சிலிண்டருக்குள்ள டீசல பீச்சுற இன்ஜெக்‌ஷன் பம்ப்ப கழட்டணும்ங்குறாரு. கழட்டலாமா?

டீசல்கை:
பம்ப்ல கை வைக்காதீங்க அண்ணே. ப்ரொப்பல்லர்ல கயிறு சுத்தியிருந்தாலோ காத்து பத்தலன்னாலோ கரும்புகை கக்கியிருக்கும். நிறுத்தினா சரியாகுதுன்னா எங்கயோ குப்பை உறிஞ்சி ஒட்டிக்குது, உறிஞ்சுறது நின்னதும் கீழ விழுந்துடுது. ஆர்பிஎம் விழும்போது டேங்க் மூடிய திறந்து பாருங்க, உடனே ஏறிச்சுன்னா காத்து வர்ற வென்ட் பைப்புதான் அடைச்சிருக்கு. ஏறலன்னா தனியா ஒரு கேன்ல டீசல் வச்சு ஓட்டுங்க, நல்லா ஓடினா கோளாறு டேங்க் பக்கம்தான். மிச்ச டீசல் திரும்பி வர்ற ரிட்டர்ன் லைனையும் அதுலயே விடணும், இல்லன்னா கேன் டீசல் பூரா டேங்குக்கு போயிடும். கேன உயரத்துல வைக்காதீங்க, டீசல் தானா இறங்கி வந்து கோளாறையே மறைச்சிடும்.

ஓட்டைவாஷர்:
ஏர் எடுக்குதான்னும் பாக்கணும். டேங்க்ல இருந்து, டீசல இழுக்குற லிஃப்ட் பம்ப் வரைக்கும் உறிஞ்சுற லைன், அதனால ஓட்டை இருந்தாலும் வெளிய சொட்டாது, காத்து உள்ள போகும். நான் இது புரியாம ரெண்டு நாளு துணிய வச்சு துடைச்சு துடைச்சு கசிவு தேடினவன் 😀 லிஃப்ட் பம்ப்புக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி தெரியுற டீசல் ஹோஸ் கொஞ்ச நேரம் போட்டு ஓட்டினா குமிழி வர்றது தெரியும். பைப் ஜாயின்ட்ல போடுற காப்பர் வாஷர பழசையே திருப்பி போட்டிருந்தாலும் இதான் நடக்கும்.

பழையபோட்டு:
மூடி திறந்தேன், ஒண்ணும் மாறல. கேன்ல ஒரு மணி நேரம் ஓட்டினேன், ஆர்பிஎம் அசையல, குமிழியும் இல்ல! டேங்க்ல இறங்குற பைப்ப உருவினா நுனியில இருக்குற சல்லடை பூரா கருப்பா கொழகொழன்னு. அந்த சல்லடைய வெட்டி எறிஞ்சிடலாமா?

டீசல்கை:
டீசல்ல இருந்து தண்ணிய பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டர் ஃபில்டர் நல்லதா இருந்தா நான் எடுத்துடுவேன், அடைச்சா கடல்ல இருக்கும்போதே மாத்த முடியுற இடத்துல அடைக்கட்டும்.

ஓட்டைவாஷர்:
எனக்கு அதுல உடன்பாடு இல்ல, டேங்க் கழுவாம சல்லடைய எடுத்தா பெரிய கட்டி லைன் நடுவுல போய் மாட்டிக்கும். அந்த கொழகொழ டீசலுக்கும் அடியில தேங்குற தண்ணிக்கும் நடுவுல வளர்ற கிருமி, தண்ணிய வடிக்காம மருந்து மட்டும் ஊத்தினா செத்தது பூரா ஃபில்டர்ல வந்து நிக்கும். மொதல்ல டேங்க கழுவுங்க. ஸ்பேர் ஃபில்டர் நாலஞ்சு வச்சுக்குங்க, ஒவ்வொண்ணு மாத்தும்போதும் லைன்ல இருக்குற காத்த வெளியேத்துற ப்ளீட் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி குமிழி நிக்கிற வரைக்கும் கை பம்ப் அடிங்க.